பதினான்காம் பக்கத்தை அடித்துவிடுங்கள்

ரேஷன் கடையில் கைரேகை மெஷின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது அந்த போன் வந்தது. மூன்று தடவை வைத்தும் மெஷின் என் விரலை ஏற்கவில்லை. விட்டுவிட்டுப் போனால் மறுபடியும் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். இடது கையால் போனை எடுத்தேன். கோட்டை வாசலில் கடை வைத்திருக்கும் செல்வி பேசினாள். "டீச்சர், நம்ம ஆரோக்கியம் அண்ணன் போயிட்டாரு." பின்னால் நின்றவர், "இன்னாம்மா, வெரல சீக்கிரம் வை" என்று அதட்டினார். விரலை எடுக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

செஞ்சிக் கோட்டையில் முப்பது வருடம் வழிகாட்டியாக இருந்தவர் ஆரோக்கியம். அவரிடம் சுற்றிப் பார்த்தவர்கள் கோட்டையை மறந்திருக்கலாம், அவர் சொன்ன இங்கிலீஷ் கதைகளை மறந்திருக்க மாட்டார்கள். நாம் தினமும் வாயில் போட்டு மெல்லுகிற இங்கிலீஷ் சொற்றொடர்கள் எங்கே பிறந்தன என்று தேடிப் பிடித்து வைத்திருப்பார். ஒவ்வொன்றையும் சொல்ல ஓர் இடம் வைத்திருந்தார். சக்கரகுளத்துக்குப் பக்கத்தில் பாறைக்கு நடுவே கிணறு போல ஒரு பள்ளம் உண்டு. கைதிகளை உள்ளே தள்ளிப் பட்டினி போட்டுச் சாகடித்தார்கள் என்பார்கள். அங்கே நின்றுதான் 'டெட்லைன்' கதையைச் சொல்வார். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, சிறை முகாமில் வேலிக்கு உட்புறமாக ஒரு கோடு இருந்ததாம். அதைத் தாண்டிய கைதியைக் காவலாளி சுடுவானாம். அந்தக் கோட்டுக்குப் பெயர்தான் டெட்லைன். "சார், ஆபீஸ்ல டெட்லைன் டெட்லைன்னு டென்ஷன் ஆவுறீங்களே, தாண்டுனா உங்க மேனேஜர் சுடுவாரா?" என்று கேட்பார். சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் சிரித்துவிட்டு, கிணற்றை எட்டிப் பார்த்ததும் அடங்கிப் போவார்கள்.

நான் அரசுப் பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள். முன்கோபக்காரி என்று ஊருக்கே தெரியும். ஒரு வருடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப்போயிருந்தேன். தொண்டூர்ப் பெண் ஒருத்தி, வெள்ளைக்காரம்மா ஒருவரிடம் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் பேர் கேட்டாள். பக்கத்தில் நின்ற நம் ஊர் ஆட்கள் இரண்டு பேர், நல்ல சட்டை போட்டவர்கள், வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையின் முகம் செத்துப்போய்விட்டது. நான் சண்டைக்குக் கிளம்புவதற்குள் ஆரோக்கியம் குறுக்கே வந்தார்.

"பாப்பா, இன்னாத்துக்கு வெக்கப்படற? 'ஹோல்ட் தி ஃபோர்ட்'டுன்னு இங்கிலீஷ்காரன் சொல்றானே, நான் வர்ற வரைக்கும் விடாம பாத்துக்கன்னு அர்த்தம். அது எங்க பொறந்துச்சின்னு தெரியுமா? இந்தக் கோட்டையில. எட்டு வருஷம் முகலாயப் படை வளைச்சிக்கிட்டு நின்னுது. உள்ள இருந்தவன் விடல. அதப் பாத்துதான் அந்தப் பேச்சே வந்துது. நம்ம ஊரு சரக்கு அது, தைரியமா பேசு."

அந்தப் பெண் நிமிர்ந்து நின்றாள். சிரித்தவர்கள் நழுவினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எட்டு வருட முற்றுகை உண்மை என்பதால் மீதியையும் நம்பினேன். அந்த வருடமே கோட்டையைப் பற்றி நான் போட்ட சிறு கையேட்டில், பதினான்காம் பக்கத்தில், அந்தக் கதையைக் கட்டம் கட்டி அச்சடித்தேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. சரித்திரம் படித்தவள் செய்கிற காரியமா இது?

இரண்டு வருடம் கழித்து, கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் நானும் ஆரோக்கியமும் மாட்டிக்கொண்டோம். உச்சிக்குப் போக ஒரு பிளவின் மேல் பாலம் இருக்கிறது. திரும்பும்போது பாலம் முழுக்கக் குரங்குகள். என் கைப்பையில் இருந்த கடலை மிட்டாய் வாசனைக்கு வந்த கூட்டம். ஒரு தாட்டியான கடுவன் நடுப்பாலத்தில் உட்கார்ந்து பல்லைக் காட்டியது. உச்சி வெயிலில் ஒன்றரை மணி நேரம் அந்தப் பக்கம் கிடந்தோம். தண்ணீரும் தீர்ந்துவிட்டது.

"டீச்சர், இத விட்டா சொல்ல முடியாது. நீங்க எழுந்திரிச்சிப் போவ முடியாத எடம் இதான்" என்று ஆரம்பித்தார். "அந்த ஹோல்ட் தி ஃபோர்ட்டு கத... நானா அடிச்சி உட்டது."

எனக்கு வெயிலைவிடச் சூடு ஏறியது. அதற்கு முந்தின மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெரியவர், அவரைத் தனியாக அழைத்து மெதுவாகச் சொன்னாராம். அதுவும் அந்த உள்நாட்டுப் போரில் வந்ததுதான். ஒரு தளபதி, முற்றுகையில் சிக்கியவர்களுக்கு மலை உச்சியிலிருந்து கொடி காட்டிச் செய்தி அனுப்பினார். 'நான் வருகிறேன், விடாதே' என்கிற மாதிரி. அனுப்பிய வார்த்தை வேறு, பிறகு வந்த ஒரு கிறிஸ்தவப் பாட்டுதான் அதை இப்படி மாற்றிப் பரப்பியது என்றும் சொல்கிறார்களாம். "அங்கயும் யாரோ அடிச்சி உட்டதுதான் டீச்சர்" என்று சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் சந்தோஷம்.

"யோவ் அண்ணே! கட்டுமரம் இருக்குது, மிளகுத்தண்ணி இருக்குது. நம்மகிட்டேருந்து இங்கிலீஷுக்கு நிஜமா போனது எவ்ளோ இருக்குது! அதச் சொல்றதுக்கின்னா?"

"அதெல்லாம் கட்டையும் ரசமும் டீச்சர். அந்தப் புள்ளைக்கு அன்னிக்கு ஒரு கோட்டை தேவப்பட்டுது." கடுவனைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த தடவ அச்சடிக்கும்போது எடுத்துடுங்க" என்றார்.

நான் சொன்ன பதிலை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. "எடுத்தா நான் இன்னா ஹிஸ்டரி டீச்சர்னு ஊர் கேக்கும். வாய மூடிக்கிட்டு இருங்க" என்றேன். அவர் தலையாட்டினார். குரங்குகள் அலுத்துப்போய் எழுந்து போயின. நாங்கள் பாலத்தைத் தாண்டி இறங்கினோம்.

அதற்குப் பிறகு அவராக அந்தக் கதையைச் சொன்னதில்லை. ஆனால் ஜனங்கள் என் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தக் கதை நடந்த இடம் எது?" என்று அவரிடம்தான் கேட்டார்கள். இடத்தைக் காட்டினால் பொய், நடக்கவில்லை என்றால் என் மானம் போகும். கல்யாண மகாலைக் காட்டி, "அங்க நெழல்ல போய் நிப்போம் வாங்க" என்று பேச்சை மாற்றுவதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்பதற்கு அவர் சொன்ன கதை ஒன்று உண்டு: பின்வாங்கு என்று வந்த கொடியைப் பார்க்க விரும்பாத ஒரு கப்பல்படைத் தளபதி, பார்வையில்லாத கண்ணில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியவில்லையே என்றாராம். அந்தக் கண் எனக்கும் இருந்தது.

இதற்கிடையில் புத்தகம் நன்றாக விற்றது. இரண்டு முறை மறுபதிப்பு போட்டேன். பெருமையாக அவரிடமே சொன்னேன். "அப்படியா டீச்சர்" என்றார்.

அவர் இறந்த முப்பதாம் நாள் பூசைக்கு முன்பு அவர் மனைவி பிலோமினா அண்ணி என்னைக் கூப்பிட்டனுப்பினார். கல்லறைக் கல்லில் அந்தக் கோட்டைக் கதையைப் பொறிக்க வேண்டும் என்று வாசல் கடைக்காரர்கள் ஆசைப்படுகிறார்களாம், நான் எழுதித் தர வேண்டுமாம். "அண்ணி, அது பொய்" என்றேன்.

"தெரியும் டீச்சர்" என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்தார். திறந்தால் முழுக்க என் புத்தகம். ஒன்றுகூடக் கசங்காமல், அடுக்கடுக்காக.

"வாராவாரம் செல்வி கடையில நாலஞ்சு வாங்கியாருவாரு. வர்றவங்களுக்குக் குடுக்கறாருன்னு செல்வி நெனச்சிச்சி. ஜனங்க கையில போவக்கூடாதுன்னுதான் வாங்குனாரு. நான் திட்டுவேன். 'டீச்சர்கிட்ட சொல்லாத, புக்கு விக்கிதுன்னு சந்தோஷமா இருக்காங்க'ம்பாரு."

அவர் வாங்க வாங்க, விற்கிறது என்று நான் அச்சடித்திருக்கிறேன். அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணி காப்பி போட்டுக் கொடுத்தார்.

கல்லுக்கு 'ஆரோக்கியம், வழிகாட்டி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். பெட்டியை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றிலும் பதினான்காம் பக்கத்தை அடித்துக்கொண்டிருக்கிறேன். அவரை அறிந்தவர்களே, உங்கள் வீட்டில் ஒரு பிரதி இருந்தால் நீங்களும் அடித்துவிடுங்கள். கேட்பவர்களிடம், தப்பு டீச்சருடையது என்று சொல்லுங்கள்.

இரண்டு பிரதிகளை மட்டும் அடிக்காமல் எனக்கென்று வைத்துக்கொண்டேன். முதல் மறுபதிப்பில் ஒன்று, இரண்டாம் மறுபதிப்பில் ஒன்று. புதிதாக அச்சாகி வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்திருக்கிறார். இரண்டிலும் கட்டத்துக்குப் பக்கத்தில், பென்சிலில், அவருடைய சின்னக் கையெழுத்தில் ஒரே வரி: 'இன்னும் இருக்குது.'

எடுத்துட்டேன், அண்ணே.