பதினைந்தாவது வாரத்தில் ஒல்லாந்துப் பேருந்து

கடந்த ஓகஸ்ட் மாதம் என் சித்தியின் மகள் சுகந்தியை பாரிஸ் லாச்சப்பலிலிருந்து ஒல்லாந்துக்குக் கூட்டிப் போனேன். கருவைக் கலைப்பதற்கு. ஏன் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

அமெரிக்க நீதிமன்றம் பெண்களிடமிருந்து அந்த உரிமையைப் பறித்ததைப் பார்த்து, பிரான்ஸ் 2024 மார்ச்சில் அதைத் தன் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டது. ஈபிள் கோபுரத்தில் விளக்குப் போட்டார்கள். பதினான்கு வாரம் வரை இங்கே கலைக்கலாம். பிரெஞ்சு தெரியாத சுகந்தி, வன்னியிலிருந்து புதிதாய் வருகிறவர்கள் செய்வதுபோல, தமிழ் பேசும் வைத்தியர் ஒருவரைத் தேடிப் போனாள். அப்போது நேரம் இருந்தது.

"அவசரப்படாதையும் பிள்ளை. லீவு முடிய வாரும், யோசிப்பம்" என்று அனுப்பிவிட்டு அவர் கடற்கரைக்குப் போய்விட்டார். தனக்கு விருப்பமில்லையென்றால் உடனே வேறிடம் காட்டிவிட வேண்டும் என்பதும் சட்டம்தான். அவள் என்னிடம் வந்தபோது பதினைந்தாவது வாரம். அந்த மனிதரைத் தெருவில் கண்டால் இன்றைக்கும் மற்றப் பக்கத்துக்குக் கடந்துவிடுகிறேன்.

ஒல்லாந்தில் இருபத்திரண்டு வாரம் வரை செய்வார்கள். பாரிஸின் பெர்சி நிலையத்தில் காலை ஏழு மணிப் பேருந்து, ஆளுக்கு முப்பத்தொன்பது யூரோ, ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பின் இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருந்தார்.

"கலியாணத்துக்கோ பிள்ளை?"

"ஓம் அன்ரி" என்றாள் சுகந்தி.

"கழுத்திலை ஒண்டையும் காணேல்லை. ஆர் உம்மைக் கூப்பிட்டது?"

சுகந்தி சிரித்தாள். அந்தப் பயணத்தில் அந்த ஒரு முறைதான்.

பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் தாண்டி, ஒல்லாந்து எல்லையில் பொலிஸார் மறித்தார்கள். ஐரோப்பாவுக்குள் எல்லையே இல்லை என்று நமக்கு இத்தனை காலம் சொன்னவர்கள்தான். என்னிடம் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. அவளிடம் அகதி விண்ணப்பத்துக்குக் கொடுத்த தற்காலிகத் தாள். அது பிரான்ஸுக்குள் மட்டுமே செல்லும். மருத்துவமனைக்குப் போகிறோம், காரணம் இது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த இளம் பொலிஸ்காரன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். மரியாதையாக எங்களை இறக்கித் திருப்பி அனுப்பினான். அன்ரி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: தெரிந்த வைத்தியரிடம் போகாதீர்கள். முதல் நாளே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தற்காலிகத் தாளோடு பேருந்து ஏறாதீர்கள்.

நேற்று லாச்சப்பலுக்கு அடுத்த மார்க்ஸ் டோர்மோயில் சுகந்தியின் அறைக்குப் போனேன். அவளுக்கு இப்போது ஏழாம் மாதம்.

"அண்ணை, அந்தச் சட்டம் இன்னும் இருக்குதோ?" என்று கேட்டாள்.

"ஓம், இருக்கு. இனி ஆராலையும் அதை எடுக்கேலாது" என்றேன்.