லாவண்டர் பூத்திருக்கிறது

என் வீட்டுக்காரர் போன லீவுக்கு துபாயிலிருந்து கொண்டுவந்த லாவண்டர் விதை, குளச்சல் உப்புக்காற்றையும் தாண்டி இன்று பூத்துவிட்டது.

போன வாரம் மழையில் வேர் அழுகிவிடக்கூடாதென்று தொட்டியை உள்ளே தூக்கிவைக்கும்போதுதான் வழுக்கி விழுந்து என் கை ஒடிந்தது. அவரிடம் சொல்லவில்லை. பார்த்தால் கேட்பார் என்று இருந்தேன்.

இன்று வீடியோ காலில் வந்தார்.

"ஏட்டி, பூவக் காட்டு."

மாவுக்கட்டுப் போட்ட கையால் தொட்டியை அணைத்துப் பிடித்துக் காட்டினேன்.

"கை மறைக்கு. அந்தால மாத்து."

மாற்றினேன். அறை நண்பர்களையெல்லாம் கூப்பிட்டுப் பூவைக் காட்டினார்.

"தண்ணி கூட விட்டுராத, கேட்டியா? அதுக்கு ஆவாது."

போனை வைத்துவிட்டார்.

அடுத்த முறை அவர் கூப்பிடும்போது நான் தொட்டிக்குள் ஏறி நிற்கலாமென்று இருக்கிறேன். எனக்கு எவ்வளவு தண்ணீர் விடவேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.