இடப்பக்கக் கரகரப்பு

கமலநாதனுக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. தட்டில் சோறு இருக்கும்போதே எழுந்துபோய், மேசைமேல் திறந்து கிடக்கும் ஆம்ப்ளிஃபயரை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். தெப்ராவ் வட்டாரத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் காலமெல்லாம் ஈயம் பற்றவைத்த மனிதர். வலது கை நடுங்குகிறது என்று போன மாதம் ஸ்டோருக்குத் தள்ளிவிட்டார்கள். இந்த ஆம்ப்ளிஃபயரைப் பாட வைத்து, மேலாளர் முன்னால் கொண்டுபோய் வைத்து, பழைய வேலையைத் திருப்பிக் கேட்க வேண்டும். அதுதான் திட்டம்.

குளுவாங்கில் பழைய சாமான் கடையில் வாங்கியது. முகப்பில் பெயரே இல்லை. மூடியைக் கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது. திருகாணிகள் மூன்று விதம். ஈயம் ஓரிடத்தில் கடுகாக, ஓரிடத்தில் கொழுக்கட்டையாக. எந்தக் கம்பெனியும் இப்படி அனுப்பாது. பாகங்களை வாங்கி யாரோ வீட்டிலேயே சேர்த்துப் பூட்டியிருக்கிறார். உள்ளே சர்க்யூட் பலகை ஓரத்தில் இருந்த எண்ணைக் கைப்பேசியில் தேடினார். எழுபதுகளில் விற்ற கிட், வரைபடமும் கிடைத்தது. மனிதருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

உப்பிப்போன கண்டென்சர்களையெல்லாம் மாற்றினார். பாட்டு வந்தது. சாயங்காலம் மழை பிடித்ததும் இடப்பக்கம் கரகரவென்றது. பற்றவைத்ததையே மறுபடி பற்றவைத்தார். பகலில் பாடியது, மழையில் மறுபடி அதே கதை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“கைதான் போச்சு, ராணி. இனிமே ஸ்டோர்தான்.”

“சும்மா இருங்க லா,” என்றார் மனைவி செல்வராணி. “வெயில் அடிச்சா நல்லாத்தான பாடுது? உங்க கை மழைக்கு மட்டுமா நடுங்குது?”

கமலநாதன் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினார். மேல்மூடியின் காற்றுத் துளைகளுக்கு நேர் கீழே, இடப்பக்கப் பலகையில் பழுப்பாக ஒரு திட்டு. பழைய பசை என்று தொடாமல் விட்டிருந்தார். சுரண்டி முகர்ந்தார். சந்தனம்! பழைய சொந்தக்காரர் வருடா வருடம் ஆயுத பூஜைக்கு மூடிமேல் பூசிய சந்தனமும் குங்குமமும் துளை வழியே இறங்கியிருக்கின்றன. மழைக்காற்றின் ஈரத்தைக் குடித்து, போகக்கூடாத இடத்துக்கெல்லாம் மின்சாரத்துக்கு வழிவிட்டிருக்கின்றன.

“மகராசா, நல்லா சாமி கும்பிட்டியே!” என்று திட்டிக்கொண்டே ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தார். கை நடுங்கத்தான் செய்தது. அடுத்த மழையில் இரண்டு பக்கமும் சுத்தமாகப் பாடின.

ஆயுத பூஜை அன்று காலை, செல்வராணி சந்தனக் கிண்ணத்தோடு ஆம்ப்ளிஃபயர் பக்கம் வந்தார்.

“அலமாக்! அதுக்கு வேணாம்,” என்று கமலநாதன் குறுக்கே பாய்ந்தார். பிறகு வலது கையை நீட்டினார். “இதுக்கு வை.”

நடுங்கிய கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்வராணி பொட்டு வைத்தார். கோணலாகத்தான் விழுந்தது. அதைத் துடைக்காமலே, ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு மேலாளரைப் பார்க்கப் போனார் கமலநாதன்.