எல்லைக்கோட்டில் ஆறுமுகம்

நம் ஊரில் ஒரு களத்தில் ஓர் ஆட்டம்தான் நடக்கும். இந்தப் பம்பாயில் ஒரே மைதானத்தில் பல கிரிக்கெட் ஆட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நடக்கின்றன. நம் ஃபீல்டருக்கு முதுகு காட்டி நிற்பவர் வேறோர் ஆட்டத்துக்காரர். வந்த புதிதில் எந்தப் பந்தைப் பார்ப்பது என்றே தெரியாமல் திகைத்திருக்கிறேன். அந்த நெரிசலில்தான், போன குளிர்காலத்தில், ஒரே ஒருவனை மட்டும் நாள் முழுக்கப் பார்த்துவர எங்கள் ஆபீஸ் டீம் கேப்டன் என்னை அனுப்பினார். அவர் மராட்டியர். பார்க்கவேண்டியவன் தமிழன் என்பதால் நான்.

ஆறுமுகம் திருநெல்வேலிப் பக்கத்தவன். தாராவியில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்கிறவன். மட்டையில் பட்ட சத்தம் எனக்குக் கேட்கும்முன் ஓடத் தொடங்கியிருப்பான். எல்லைக்கோட்டிலிருந்து எறிந்தால் பந்து தாழப் பறந்து ஸ்டம்புக்கு நேராக வரும். குறையும் இருந்தது. இடப்பக்கம் சட்டென்று திரும்பமாட்டான். சுண்ணாம்பில் வெடித்த குதிகால் ஊன்றவிடாது. டீமில் சேர்த்தால் பியூன் வேலை உண்டு. தொட்டியை விட்டு ஏறிவிடலாம்.

அவனை ஆபீசுக்கு அழைத்துப்போனேன். “ஃபீல்டிங் நன்றாகச் செய்வாயா?” என்று கேப்டன் இந்தியில் கேட்டார்.

“ஏதோ கொஞ்சம் வரும், சாகேப்.”

நம் ஊரில் கெட்டிக்காரன் சொல்லும் பதில் அது. கேப்டன் முகம் சுருங்கியது. “கொஞ்சம் வருகிறவனை வைத்து நான் என்ன செய்ய?”

ஆபீசில் வாயே திறக்காத நான் அன்று திறந்தேன். “மரியாதைக்குச் சொல்கிறான், சாகேப். எறியச் சொல்லிப் பாருங்கள்.”

எறிந்து காட்டினான். “ஒரு மாட்ச் ஆடட்டும். அதைப் பார்த்து வேலை,” என்றார்.

அந்த மாட்ச் அவனுடைய பழைய தாராவி டீமோடேயே அமைந்தது. கூடாரத்தில் அதிகாரிகளோடு உட்காரக் கூசி, எல்லைக்கோட்டுக்கு வெளியே தாராவி ஆட்களோடு உட்கார்ந்தேன்.

“ஏல, பியூன் தொரை! எங்களத் தெரியுதா?”

“சும்மா கெடல,” என்று எங்களுக்கு முன்னே கோட்டில் நின்ற ஆறுமுகம் திரும்பாமலே சிரித்தான்.

மாலையில் தாராவி டீம் ஜெயிக்க ஒரே ஓர் அடி பாக்கி, கையில் கடைசி விக்கெட். மட்டையோடு நின்றது அவன் கூடப்பிறந்த அண்ணன். தூக்கி அடித்தான். பந்து ஆறுமுகத்துக்கு நேர்மேலே உயர்ந்தது. விட்டால் சாக்குச் சொல்ல வழியில்லாத பந்து.

“விட்டுருல! உங்கண்ணன்ல அடிச்சிருக்கான்!”

பிடித்துவிட்டான்.

கேப்டன் கைகளை விரித்துக்கொண்டு ஓடிவந்தார். என்னைச் சுற்றித் தோற்ற தாராவி ஆட்கள். தட்டத் தூக்கிய கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். ஆறுமுகம், தலை குனிந்து வெளியேறும் அண்ணனையே பார்த்தபடி நின்றான். பந்தை மேலே எறியவும் இல்லை. கீழே போடவும் இல்லை.