இரண்டு நாள் எண்ணியது

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. அதற்குள் பத்து வருடத்துக்கு மேல் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வேலை பார்த்திருந்தேன். என்னோடு படித்த நர்ஸ்களும் பிசியோதெரபிஸ்டுகளும் நூறு பேர், இருநூறு பேர் என்று கேள்வித்தாள் கொடுத்து ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு ஆளை. ஒரு மனிதரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அவரை அவரோடேயே ஒப்பிடும் முறை அது. சிகிச்சைக்கு முன்னால் பல நாள், சிகிச்சையின்போது பல நாள் என்று ஒரே நடத்தையைத் திரும்பத் திரும்ப எண்ணிக் கோடாக வரைய வேண்டும்.

அந்த ஒரு ஆள், இருபத்திரண்டு வயதுப் பெண். ஆட்டிசம் உள்ளவள், பேச்சு கிடையாது. அவள் அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவிநாசி ரோட்டுக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு சின்ன பனியன் கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தார். மகளுக்கும் அங்கேயே பேக்கிங்கில் பனியன் மடிக்கும் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். மகள் அச்சில் வார்த்ததுபோல் மடிப்பாள். ஆனால் திடீரென்று இடது மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். தோல் தடித்துக் கறுத்துப் போயிருந்தது.

முதல் இரண்டு வாரம் நான் எதுவும் செய்யவில்லை. மேஜை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் கடிக்கும் ஒவ்வொரு தடவைக்கும் நேரத்தைக் குறித்து ஒரு கோடு போட்டேன். எதையும் மாற்றாமல் இருப்பதை இருக்கிறபடி முதலில் எண்ண வேண்டும். அதுதான் விதி. அவிநாசிக்காரரான பேக்கிங் சூப்பர்வைசர் அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏனுங்க மேடம், வந்து ஒரு வாரமாச்சு. புள்ளைக்கு ஒண்ணும் பண்ணாம எழுதிட்டே இருக்கறீங்களே."

"எதனாலன்னு தெரியாம கை வைக்கக் கூடாதுங்க."

"அதுக்குள்ள கையே இருக்காதுங்க" என்றார். ஆனாலும் என் எண்ணிக்கை சரிதானா என்று பார்க்க இரண்டாவது ஆள் தேவை என்று கேட்டபோது அவரே ஒத்துக்கொண்டார். அவள் கடிக்கும்போதெல்லாம் ஒரு சைஸ் லேபிளை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்வார். சாயங்காலம் இருவரும் தனித்தனியாக எண்ணிப் பார்ப்போம். பெரும்பாலும் ஒத்துப்போகும்.

மெஷின் சத்தம் தாங்காமல்தான் கடிக்கிறாள் என்று நான் நம்பியிருந்தேன். காதில் மாட்ட ஹெட்போன்கூட வாங்கி வைத்திருந்தேன். மின்வெட்டு ஆரம்பித்திருந்த வருடம் அது. ஒருநாள் காலையில் கரண்ட் போய் மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. ஹாலில் மின்விசிறி சுற்றும் ஓசைகூட இல்லை. அந்த அமைதியில்தான் அவள் அதிகமாகக் கடித்தாள். அயர்ன் டேபிளிலிருந்து பனியன் வரவில்லை, மடிக்க எதுவும் இல்லை. பழைய தாள்களை எடுத்து நேரம் பார்த்தேன். ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டு வருவதற்குள்ளான இடைவெளிகளில்தான் கோடுகள் நெருக்கமாக இருந்தன. அவளுக்குச் சத்தம் தொந்தரவே இல்லை. சும்மா இருக்கும் கைகள்தான் தொந்தரவு. வேலை கொடு என்று கேட்க அவளுக்கு வழியில்லை.

ஹெட்போனைப் பையிலேயே வைத்துவிட்டேன். ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் தட்டை வாங்கி, கை காலியானால் அதைத் தூக்கி நீட்ட அவளுக்குப் பழக்கினேன். நீட்டினால் சூப்பர்வைசர் அக்கா உடனே ஒரு கட்டு வைப்பார். கட்டு இல்லாதபோது பிரிக்க வேண்டிய லேபிள்களையாவது வைப்பார். நான்காம் நாள் யாரும் கையைப் பிடிக்காமல் தானே நீட்டினாள். பத்து நாளில் கோடுகள் ஏறக்குறைய இல்லாமல் போயின. அவள் அம்மா டீ நேரத்தில் வந்து, மகளின் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்.

கோயம்புத்தூரில் என் ஆய்வை வழிநடத்திய கைடு வரைபடத்தைப் பார்த்தார். "குறைஞ்சிருக்கு, சரி. தட்டாலதான் குறைஞ்சதுன்னு எப்படிச் சொல்லுவீங்க? தானா குறைஞ்சிருக்கலாமில்ல? ஒரு வாரம் தட்டை எடுத்துட்டுப் பாருங்க. திரும்பி வந்தா நிரூபணம்."

பாடப்படி அவர் சொன்னது சரி. நான் அம்மாவிடம் கேட்டேன்.

"கொறைஞ்சிட்டுல்லா மேடம். பெறவு எதுக்கு மறுபடியும் கடிக்க விடணும்?" என்றார். "வேண்டாம் மேடம்."

எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வீட்டில், சர்ச்சில் என்று வேறு இடங்களிலும் தட்டை ஒவ்வொன்றாகத் தொடங்கி, தொடங்கிய இடத்தில் மட்டும் கடிப்பது குறைவதைக் காட்டி நிரூபிக்கலாம், அதற்கும் முறை இருக்கிறது என்று கைடிடம் சொன்னேன். அவரும் சம்மதித்தார்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் அக்கா தங்கை குழந்தையின் காதுகுத்துக்கு லீவில் போனார். அவர் இடத்துக்கு வேறொரு பெண்ணை மாற்றினார்கள். அவருக்குத் தட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. காலையில் அவள் தட்டை நீட்டினாள். அந்தப் பெண் அதை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். அவள் கொஞ்ச நேரம் தட்டு இருந்த இடத்தையே பார்த்தாள். பிறகு மணிக்கட்டு வாய்க்குப் போனது.

நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். எழவில்லை. பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டேன். டீ நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டீ நேரம் வந்தபோது தாளில் இருந்த கோடுகள் முதல் வாரத்தைப் போலவே இருந்தன. தட்டை நான் எடுக்கவில்லை, தானாக நடந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அவசர ஆர்டர் என்று அவள் அம்மாவும் அந்த இரண்டு நாள் டீ நேரத்தில் வரவில்லை. மூன்றாம் நாள் காலை அவள் மணிக்கட்டில் பழைய தழும்பு பிளந்து ரத்தம் கசிந்திருந்தது. அப்போதுதான் குனிந்து தட்டை எடுத்து அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். மதியத்துக்குள் கடிப்பது நின்றுவிட்டது.

சாயங்காலம் மகளின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு அவள் அம்மா என் ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீங்க இங்கனதான இருந்திய?"

"இருந்தேன்."

"ரெண்டு நாளும் பாத்தியளா?"

"பார்த்தேன்."

"பாத்து எழுதுனியளா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் சத்தம் போடவில்லை. "என்ட்ட கேட்டிய. வேண்டாம்னு சொன்னம்லா" என்றார். "நாளைலேந்து நீங்க வர வேண்டாம் மேடம்."

மூன்று வாரம் நான் போகவில்லை. வீட்டில் அந்த வரைபடத்தை வரைந்து முடித்தேன். இறங்கிய கோடு இரண்டு நாள் மேலே ஏறி, மறுபடி இறங்கியிருந்தது. இந்த முறையைப் படித்த யாரும் ஆசைப்படும் படம். என்னால் அதைச் சந்தோஷமாகப் பார்க்க முடியவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகள் உள்ளே துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா உட்காரச் சொன்னார், அவ்வளவுதான்.

"தப்பு என்னோடது. இந்த ரெண்டு நாளையும் எடுத்துடச் சொன்னா எடுத்துடறேன். மொத்தமா வேண்டாம்னாலும் விட்டுடறேன்" என்றேன்.

தாளை வாங்கிப் பார்த்தார். "இந்த மேட்டுல ஏறி நிக்கதுதான் அந்த ரெண்டு நாளா?"

"ஆமாங்க."

வெகுநேரம் அந்த இடத்தில் விரலை வைத்திருந்தார். பிறகு, "எடுக்க வேண்டாம். இத மேனேஜர்ட்ட காட்டுங்க. தட்டு இல்லன்னா எம்பிள்ளைக்கு என்ன ஆகும்னு அவருக்குத் தெரியட்டும். யாரு மாறி வந்தாலும் மொதல்ல அதச் சொல்லணும்" என்றார். "இனி எழுதுத தாள அன்னன்னைக்கி என்ட்ட காட்டிட்டுத்தான் போணும்."

திங்கட்கிழமை இருவருமாக மேனேஜரிடம் போனோம். அவர் வரைபடத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பேக்கிங் மேஜைக்கு மேலே தட்டைப் பற்றி ஓர் அறிவிப்பு ஒட்டச் சொன்னார். மீதி ஆய்வை அதன்பிறகு முடித்தேன். தினமும் தாளைக் காட்டினேன். சில நாள் அவர் பார்த்தார், சில நாள் வாங்காமலேயே தலையசைத்தார். பழையபடி டீ நேரத்தில் பக்கத்தில் வந்து நிற்கவில்லை.

ஆய்வேட்டில் அந்த இரண்டு நாட்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அது திட்டமிட்டதல்ல என்றும், தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்றும். கைடு இரண்டாவது வரியை அடிக்கச் சொன்னார். நான் அடிக்கவில்லை. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "முதல் நாளே ஏன் சொல்லலை?" என்று கேட்டார்.

"படம் நல்லா வந்துட்டு இருந்ததுங்க சார்" என்றேன்.

அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

பட்டம் வந்ததும் இனிப்பு எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். சூப்பர்வைசர் அக்கா இரண்டு எடுத்துக்கொண்டார். அம்மா ஒன்றை எடுத்துப் பாதியை மகளுக்கு ஊட்டினார்.

"அடுத்து யாரப் பாக்கப் போறிய?"

"இன்னும் யாரும் இல்லைங்க."

"யாரா இருந்தாலும் அவ்வொ அம்மா வேண்டாம்னா விட்ருங்க" என்றார். சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பிப் போனார்.