ஓடைக்கரையில் அடித்த ஆரன்

என் வீட்டுக்காரர் ராசிபுரம் பக்கத்தில், ஜமீன் மாதிரி நிலபுலன் உள்ள ஒரு மிட்டாதாரிடம் கார் ஓட்டினார். ஒரு சமயம் மிட்டாதாரும் சினேகிதர்களும் மலையடிவாரக் காட்டில், ஓடைக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அங்கே சமையல்காரருக்கு ஒத்தாசைக்கென்று என் வீட்டுக்காரர் என்னையும் அரிசி மூட்டையோடு காரில் ஏற்றிக்கொண்டு போனார். கல்யாணமான புதிது. நான் காரில் ஏறியதே அன்றுதான்.

"கட்டவண்டி போற தடந்தான் புள்ள. மாடு தூங்கிக்கிட்டே போயிரும்" என்றார்.

அவருக்குச் சுலபம். மூங்கில் உரசும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் காட்டில் கரடி உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ஓடை குறுக்கே வந்தது. கூடாரம் அக்கரையில், வளைவுக்கு அப்பால். "தண்ணி ஆழம் பாத்துட்டு வாரேன். நீ எறங்காத" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். பாறைகளுக்குப் பின்னால் அவர் தலை மறைந்தது.

ஆளைக் காணோம். வெயில் மர உச்சிக்கு ஏறிவிட்டது. புதருக்குள் சருகு நொறுங்கியது.

எப்படிக் கூப்பிடுவது? வீட்டிலென்றால் சொம்பைத் தட்டுவேன், இல்லாவிட்டால் இருமுவேன். புருசன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். "ஏனுங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். முதலெழுத்து நாக்கு நுனியில் நின்றுவிட்டது. சொல்லப்போய், அதனாலேயே ஏதாவது ஆகிவிட்டால்?

அவர் உட்காரும் பக்கம் ஆரனின் ரப்பர் பந்து தெரிந்தது. எட்டி அமுக்கினேன். காடே அதிர்ந்தது. அழுதுகொண்டே விடாமல் அமுக்கினேன்.

அக்கரையிலிருந்து ஆட்கள் தடியோடு ஓடி வந்தார்கள். அவர் போன பாறைப் பக்கம் கையைக் காட்டினேன். சற்றுக் கழித்து இரண்டு பேர் தோளில் கைபோட்டு அவர் நொண்டி வந்தார். பாறை இடுக்கில் கால் மாட்டி, இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாராம். கணுக்காலெல்லாம் ரத்தம்.

சமையல்காரர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, உங்க ஊட்டுக்காரர் பேரு பாம்பாம்ங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

கூடாரத்தில் காலுக்கு மஞ்சள் பற்றுப் போடும்போது, "பேரச் சொல்லிக் கூப்புட்டா ஆவாதுங்களேன்னுதான்..." என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"கூப்புட்டிருந்தாலும் கேட்டிருக்காது புள்ள. தண்ணி எரைச்சல்ல நான் கத்துனதே எனக்குக் கேக்கல."

என் கை நின்றுவிட்டது. பெயர் மட்டும் வாயில் வந்திருந்தால், கூப்பிட்டாயிற்று, வந்துவிடுவார் என்று ஆரனைத் தொடாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன்.