பொட்டு வைத்த கப்பல்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மேசையில் எட்டு மாதமாக ஒரு பாய்மரக் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முழ நீளம்தான் இருக்கும். மரப்பட்டறையில் கேட்டு வாங்கிய தேக்குத் துண்டுகளை இழைத்து, ஒவ்வொன்றாக ஒட்டி உடம்பை எழுப்பினேன். பாய்க்கு ரவிக்கை லைனிங் துணி, கயிற்றுக்கு டீ டிகாஷனில் ஊறவைத்த தையல் நூல். விழுப்புரத்திலிருந்து வரும்போதெல்லாம் என் நாத்தனார், "இதையே பண்ணிக்கினு கெடக்குறியே, மரக்காணம் கடல்ல வுடப் போறியா?" என்று சிரிப்பார். நான் வேலையை நிறுத்தவில்லை.

ஆயுத பூஜையன்று மிக்சி, அரிவாள்மனை, கத்திரிக்கோல் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தேன். கப்பலின் முகப்பிலும் ஒரு பொட்டு வைத்தேன்.

"ஓடாத சாமானுக்கு எதுக்குடி பொட்டு?" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்போது அவர் தன் பழைய ஸ்கூட்டருக்குச் சாமந்தி மாலை போட்டுக்கொண்டிருந்தார். அது ஸ்டார்ட் ஆகி நான்கு வருடமாகிறது. ஒவ்வொரு பூஜைக்கும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, அவரும் நாத்தனாரும் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளித்தான் அதை நசுக்குவார்கள்.

"உங்க வண்டியைத் தள்ள ரெண்டு ஆள் வேணுங்க. என் கப்பலுக்குக் காத்து போதும்" என்றேன்.



பூஜையில் வைத்த சாமானை அன்றைக்கு எடுத்து வேலை செய்யக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பொட்டு காயாத கத்திரிக்கோலை எடுத்தேன். ஸ்கூட்டர் மாலையில் பாதியை நறுக்கிப் பாய்மரத்தில் கட்டினேன்.